அட்டப்பாடி என்று சொல்லாத ஐந்து நாட்கள்

ஆஸ்பத்திரிச் சீட்டில் என் பெயர் மாலதி என்று இருந்தது. ஊர், கோயம்புத்தூர். வயது இருபத்து நான்கு என்பது மட்டும்தான் அதில் உண்மை.

என் பெயர் மருதி. அட்டப்பாடி மலையில் ஓர் இருளர் ஊர் எனக்கு. கேரளத்துக்குள் இருந்தாலும் எங்களுக்குக் கோயம்புத்தூர்தான் பக்கம். எல்லையோரத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தேன். வீட்டில் இருள மொழி, பள்ளியில் தமிழ், கடைவீதியில் மலையாளம். தொண்ணூறுகளின் நடுவில் கொச்சி மட்டாஞ்சேரிக்கு வேலைக்கு வந்தபோது இந்த மூன்றில் எதை வெளியே காட்டுவது என்று நான் யோசிக்கவே இல்லை. பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன். நான் கோயம்புத்தூர்க்காரி.

அதற்குக் காரணம் இருந்தது. எனக்கு ஒன்பது வயதில் காலில் பொறுக்க முடியாத வலி வந்து, அம்மா என்னை மலையிறக்கி ஓர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள். விடியும் முன்பே ஆற்றில் குளித்து, நோம்பித் திருவிழாவுக்கு மட்டும் உடுத்தும் புடவையைக் கட்டியிருந்தாள். எங்களை உள்ளே விடவில்லை. வராந்தாவில் உட்கார வைத்தார்கள். மத்தியானம் வந்த நர்ஸ் மூக்கை மூடிக்கொண்டு, "குளிச்சிட்டு வந்தா என்ன?" என்று கேட்டாள். என் காலைத் தொட்ட கையை உடனே போய்க் கழுவினாள். ஏதோ வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அம்மா எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்கவில்லை. நான் ஹாஸ்டலில் படித்தபோது கூட இருந்த பெண்கள் என்னை 'காடு' என்று கூப்பிட்டார்கள். பதிவேட்டில் மருதி என்று இருந்தும் வார்டன்கூடச் சில சமயம் அப்படித்தான் கூப்பிட்டார்.

மட்டாஞ்சேரியில் தமிழர்களை 'பாண்டி' என்பார்கள். இளக்காரமாகத்தான் சொல்வார்கள். மற்ற தமிழர்களுக்குக் கோபம் வரும். எனக்கோ அதைக் கேட்டால் உள்ளுக்குள் நிம்மதியாக இருக்கும். பாண்டி என்று திட்டுகிறவனுக்கு நான் யாரென்று தெரியவில்லை என்று அர்த்தம்.

யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனில் ஒரு பழைய சாமான் கடையில் வேலை. மரக் கதவு, பித்தளை விளக்கு, பீங்கான் பரணி எல்லாம் துடைத்து வைப்பது, வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் எடுத்துக் காட்டுவது. ஒரு மூலையில் 'ஆதிவாசி சாமான்' இருந்தது. தானியம் அளக்கும் மூங்கில் குழாய் ஒன்று அங்கே தொங்கியது. அச்சு அசல் எங்கள் வீட்டில் சாமை அளப்பது போன்றதுதான். முதலாளி அதைக் காட்டி, "சமீபகாலம் வரை உடுப்பு உடுக்காத ஜனங்க" என்பார். நான் தூசி துடைத்துக்கொண்டு நிற்பேன்.

தங்கியது செல்வி சேச்சி வீட்டுப் பின்னறையில். சேச்சி மாநகராட்சியில் தெருப் பெருக்கும் வேலை. அவள் கணவர் தங்கப்பனும் அதே வேலைதான். ஒரு மகன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். அவர்கள் தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து துப்புரவு வேலைக்காகக் கொண்டுவரப்பட்டவர்கள். சேச்சிக்குத் தமிழ் எழுதப் படிக்க வராது. பேச்சும் பாதி மலையாளம். என்னை மலையாளத்தில் மகளே என்பதுபோல "மோளே" என்றுதான் கூப்பிடுவாள்.

வலி எனக்குப் புதிதல்ல. வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை கால், முதுகு, கை என்று எங்காவது வரும். மழையில் நனைந்தால் வரும், தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நின்றால் வரும். கண் எப்போதும் கொஞ்சம் மஞ்சளாக இருக்கும். பக்கத்து கிளினிக் டாக்டர் ஒரு தடவை மஞ்சள் காமாலை என்றார், ஒரு தடவை வாதம் என்றார், மூன்றாவது தடவை ரத்தக்குறைவு என்று சிவப்பு டானிக் எழுதித் தந்தார். நான் இப்படியே வாழ்ந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் மழை தொடங்கிய வாரம், கடையிலிருந்து நனைந்து வந்து படுத்தேன். காலையில் எழ முடியவில்லை. இரண்டு தொடையிலும் எலும்புக்குள் ஆணியை வைத்து யாரோ திருகுவது போல இருந்தது. துணி பட்டால்கூடக் கத்தினேன். காலை வேலை முடிந்து வந்த செல்வி சேச்சி என்னைப் பார்த்ததும் ஆட்டோவைக் கூப்பிட்டாள். பாலம் தாண்டி எறணாகுளத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. அங்கே என்னை அவமதித்தவர்களும் உண்டு, என் உயிரைக் காத்தவர்களும் உண்டு.

கேஷுவாலிட்டியில் சீட்டு எழுதுகிறவர் பெயர் கேட்டார். மாலதி என்றேன். ஊர் கேட்டார். அவ்வளவு வலியிலும் நாக்கு தடுமாறாமல் கோயம்புத்தூர் என்று சொன்னது.

என் கதறலைக் கேட்டு ஒரு நர்ஸ், "இந்தப் பாண்டிகளுக்கு எல்லாமே சினிமாதான்" என்றாள்.

"அது நடிக்கிற குட்டியில்லே சிஸ்டரே," என்றாள் சேச்சி. "நாலு வருஷமா என் வீட்டிலே இருக்கு. கை வெந்தாலும் சத்தம் போடாது. இது அழுதா நெசமா ஒள்ளதாக்கும்."

வார்டில் சேர்த்தார்கள். கையில் ஊசி குத்தி உப்புத்தண்ணீர் ஏற்றினார்கள். வலி ஊசி போட்டால் இரண்டு மணி நேரம் தூக்கம், பிறகு மறுபடி ஆணி. எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பில் ஒன்றும் இல்லை. வாதத்துக்கான ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை. ரத்தம் மட்டும் பாதியளவுதான் இருந்தது. ரத்தத்தைச் சிவப்பாக்கும் சத்து எனக்கு ஆறு என்றார்கள். பன்னிரண்டு இருக்க வேண்டுமாம். ஏன் குறைந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

அனிதா டாக்டர் என்று ஓர் இளம் டாக்டர் இருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்திருப்பார். தூக்கமில்லாத கண், கலைந்த கொண்டை. மலையாளத்தில் கேட்பார், எனக்கு விளங்காத இடத்தில் தமிழ் கலந்து பேச முயல்வார்.

"சின்ன வயசில இருந்தே இப்படி வலி வருமா?"

"இல்லை."

"வீட்டில யாராவது சின்ன வயசில இறந்திருக்காங்களா?"

"இல்லை."

இரண்டும் பொய். என் அக்கா நஞ்சி ஏழு வயதில் செத்துப்போனாள். கை கால் வீங்கி, மூச்சு விட முடியாமல் இரண்டே நாளில் முடிந்தது. ஊரில் காத்து அடித்துவிட்டது என்றார்கள். உண்மையைச் சொன்னால் அடுத்து 'எந்த ஊர், ஏன் டாக்டரிடம் போகவில்லை' என்று கேள்வி வரும். அந்தக் கேள்வி எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியும். அதனால் முதல் கேள்வியிலேயே கதவைச் சாத்தினேன்.

நான்காம் நாள் மனநோய் டாக்டர் வந்தார். கல்யாணம் தள்ளிப் போகிறதா, யாரையாவது விரும்பினாயா என்று கேட்டார். கடைசியில், "ஏதாவது பயம் உண்டா?" என்றார். இல்லை என்றேன். எனக்கு அப்போது பயத்தைத் தவிர வேறொன்றுமே இல்லை. யாராவது ஊர்க்காரர் வார்டுக்குள் வந்து "மருதி" என்று கூப்பிட்டுவிடுவாரோ என்று கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். வலி மருந்தில் தூங்கும்போது இருள மொழியில் உளறிவிடுவேனோ என்று பயம். பக்கத்துப் படுக்கை அம்மாள், "ராத்திரி என்னவோ பாஷை பேசினியே, அது என்ன தமிழ்?" என்று கேட்ட அன்றைக்கு மத்தியானம் சோறு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை பெரிய டாக்டர் மாணவர்களோடு வந்தார். என் கண் இமையை விரலால் இறக்கி மஞ்சளைக் காட்டினார். ஆங்கிலமும் மலையாளமுமாகப் பேசினார். எனக்கு முக்கால்வாசி புரிந்தது.

"எலும்பு வலி, கண்ணில மஞ்சள், ரத்தக்குறைவு. இந்தப் பொண்ணு வயநாட்டில இருந்தோ அட்டப்பாடியில இருந்தோ வந்த ஆதிவாசியா இருந்தா நான் முதல்ல எந்த நோயைச் சந்தேகப்பட்டிருப்பேன்?"

ஒரு மாணவன், "சிக்கிள் செல், சார்" என்றான்.

"கரெக்ட். ஆனா இவ கோயம்புத்தூர் டவுன். அதனால வேற யோசிப்போம்."

அவர்கள் அடுத்த படுக்கைக்கு நகர்ந்துவிட்டார்கள். நான் மேலே சுற்றும் விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். என் நோய்க்கு ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் என் படுக்கை வரை வந்து, நான் சொன்ன பொய்யைப் பார்த்துத் திரும்பிப் போகிறது. கையை நீட்டிக் கூப்பிட்டால் போதும். வாயைத் திறந்தேன். எட்டு மாணவர்களின் முதுகு தெரிந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். அன்று முழுவதும், சாயங்காலம் வரை, அனிதா டாக்டர் இரண்டு தடவை என் பக்கம் வந்தபோதும், நான் சொல்லவில்லை. சாவதைவிட அந்த வராந்தாவில் மறுபடி உட்காருவது பெரிதாகத் தெரிந்தது.

ஆறாம் நாள் விடிந்ததும் நெஞ்சில் வலி வந்தது. மூச்சை உள்ளே இழுத்தால் விலாவில் கத்தி போல நின்றது. காய்ச்சலும் ஏறியது. எக்ஸ்ரே எடுக்கச் சக்கர நாற்காலியில் தள்ளிப் போனார்கள். நடையில் வரிசை நீளமாக இருந்ததால் அனிதா டாக்டரும் கூடவே நின்றார். என் மூச்சு வேகமாகிக்கொண்டே போனது. நஞ்சி கடைசியில் இப்படித்தான் மூச்சு வாங்கினாள். எனக்கு அப்போது நான்கு வயதுதான். ஆனால் அந்தச் சத்தம் மறக்கவில்லை. இப்போது அது என் தொண்டையிலிருந்தே வந்தது.

"டாக்டர்," என்றேன். "நான் கோயம்புத்தூர் இல்லை. அட்டப்பாடி. இருளர். பேர் மருதி. எனக்கு ஒரு அக்கா இருந்தா. இப்படித்தான் செத்தா."

அவர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். கோபப்படுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏன் மோளே சொல்லலை?" என்று மட்டும் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அங்கேயே நடையில் வைத்து என் கையிலிருந்து ரத்தம் எடுத்து, தானே லேபுக்கு ஓடினார்.

அந்தப் பரிசோதனை எளிது. ஒரு சொட்டு ரத்தத்தில் ஒரு மருந்தைக் கலந்து கண்ணாடித் தகட்டில் மூடி வைப்பார்கள். காற்று இல்லாமல் போகும்போது நல்ல ரத்த அணு வட்டமாகவே இருக்கும். எனக்கு இருப்பது போன்ற அணு வளைந்து அரிவாள் போல ஆகிவிடும். சிக்கிள் என்றால் அரிவாள்தான். அரிவாள்கள் மெல்லிய ரத்தக் குழாயில் ஒன்றோடொன்று சிக்கி அடைத்துக்கொள்ளும். அடைத்த இடத்தில்தான் அந்த ஆணி வலி. நுரையீரலில் அடைத்தால் மூச்சு போகும். பிறகு ரத்தத்தில் மின்சாரம் செலுத்திப் பிரித்துப் பார்க்கும் இன்னொரு பரிசோதனையும் செய்து உறுதிப்படுத்தினார்கள். அம்மா அப்பா இருவரும் ஆளுக்குப் பாதி கொடுத்தால்தான் இது முழு நோயாகும். பாதி மட்டும் உள்ளவர்களுக்குப் பொதுவாக ஒன்றும் செய்யாது.

சிகிச்சை மாறியது. மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். தங்கப்பன் அண்ணனும் அவரோடு வேலை செய்யும் ஒருவரும் வந்து ரத்தம் கொடுத்துவிட்டு, என்னைக்கூடப் பார்க்காமல் வேலைக்கு ஓடினார்கள்.

நான் பயந்ததும் நடந்தது. செய்தி வார்டு முழுக்கப் பரவியது. 'ட்ரைபல் கேஸ்' பார்க்க மாணவர்கள் கூட்டமாக வந்தார்கள். ஆக்ஸிஜன் குழாயோடு கிடந்தவளிடம் ஒருவன், "உங்க ஆளுங்க எலி தின்னுவாங்களாமே, நெஜமா?" என்று கேட்டான். பக்கத்துப் படுக்கை அம்மாள் தன் தண்ணீர்க் கூஜாவை என் பக்கத்து மேசையிலிருந்து எடுத்துத் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். அனிதா டாக்டர் அந்த மாணவனை வெளியே கூட்டிப்போனார். நடையில் அவர் குரல் உயர்ந்தது கேட்டது. கூஜாவுக்கு யாரும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இவற்றையெல்லாம்விட என்னை வாட்டியது வேறு. மாணவர்கள் பேசும்போது செல்வி சேச்சி சாயா பிளாஸ்கோடு வாசலில் நின்றிருந்தாள். என் பெயரையும் ஊரையும் அவர்கள் வாயிலிருந்துதான் கேட்டாள். பிளாஸ்கை வைத்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நாலு வருஷம் என் சோறு தின்னே, இல்லே?" என்றாள். போய்விட்டாள்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஆக்ஸிஜன் குழாய்க்குள் என் மூச்சையே கேட்டுக்கொண்டு கிடந்தேன். ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் தலை திரும்பும். யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று கதவைப் பார்த்த நான், இப்போது ஒருத்தி வரமாட்டாளா என்று பார்த்தேன். காய்ச்சல் இறங்கியது, நெஞ்சு வலி குறைந்தது. அனிதா டாக்டர் "தப்பிச்சே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சேச்சி வீட்டுப் பின்னறையில் என் தகரப்பெட்டி இருக்கிறது. அதைத் தெருவில் தூக்கி வைத்திருப்பாளோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் பகல் பதினோரு மணிக்குச் சேச்சி வந்தாள். அவளுக்குப் பின்னால், சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என் அம்மா நின்றாள்.

அம்மாவைக் கண்டதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரிக்குள் காலெடுத்து வைக்க மாட்டேன் என்றவள். அவள் என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"டாக்டர்ட்டே ஊர் பேரு கேட்டேன், அட்டப்பாடின்னு மட்டும்தான் சொன்னாங்க," என்றாள் சேச்சி. "மண்ணார்க்காட்டிலே எறங்கி, வளைவு வளைவா ஏறி, வயித்தைப் பொரட்டிருச்சு. ஒரு ஊரில்லேன்னு ஒம்பது ஊரிலே கேட்டேன்."

"என் மேலே கோபமா போனீங்களே சேச்சி."

"கோபமில்லாம? ஆத்திரத்தோடதான் பஸ்சேறினேன். இவ அம்மையைக் கண்டு நாலு கேக்கணும்னுதான் போனேன். அங்கே போனப்ப, ஒங்கம்மை எனக்குச் சோறு போட்டுட்டு, எம்மோளு உசிரோட இருக்காளான்னு கேட்டா. நான் என்னத்தைக் கேக்க?" அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எம்மோன் ஸ்கூல்லே அப்பனுக்கு ஆபீஸ் வேலைன்னு எழுதிக் குடுத்திருக்கான். எனக்கு அறியாதுன்னு நினைச்சிருக்கான். நீ மட்டும் என்ன புதுசா?" என்றாள்.

அம்மா மூன்று நாள் என் கூட இருந்தாள். ஸ்டூலில் உட்காரச் சொன்னாலும் தரையில்தான் உட்காருவாள். நர்ஸ் வந்தால் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொள்வாள். நோய் அம்மா அப்பா இருவரிடமிருந்தும் வந்தது என்று நான் சொன்னதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

வீட்டுக்கு அனுப்பும் நாள் அனிதா டாக்டர் மாத்திரைகளை விளக்கினார். புது ரத்தம் ஊறுவதற்குத் தினமும் ஒரு மஞ்சள் மாத்திரை. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். குளிரில், மழையில் நனையக் கூடாது. காய்ச்சல் வந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. அவர் எழுந்தபோது அம்மா அவர் கோட்டின் நுனியைத் தொட்டாள். இருள மொழியில் கேட்டாள். நான் மாற்றிச் சொன்னேன்.

"என் மூத்த புள்ளையை அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருந்தா பொழைச்சிருக்குமா தாயி?"

நஞ்சியைப் பற்றி அம்மா இருபது வருஷமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. டாக்டர் அவசரப்படாமல் அம்மாவுக்கு எதிரில், தரையிலேயே குந்தினார்.

"அன்னைக்கு அங்கே யாருக்கும் இந்த நோய் தெரிஞ்சிருக்காது அம்மா. இவளை அஞ்சு நாள் கையில வச்சிருந்தோம். எங்களுக்கே தெரியலை."

நான் மாற்றிச் சொன்னேன். அம்மா என்னிடம், "இவங்களுக்கே தெரியலையா?" என்று திருப்பிக் கேட்டாள். ஆமாம் என்றேன். எங்களிடம் வந்து 'எங்களுக்குத் தெரியவில்லை' என்று சொன்ன முதல் டாக்டர் அவர்தான். அம்மா வளையலை முழங்கை வரை தள்ளிவிட்டுக் கையை நீட்டினாள்.

"என் ரத்தத்தையும் எடு."

அம்மாவுக்குப் பாதி இருந்தது. அப்பா உயிரோடு இல்லாததால் அவரைப் பார்க்க முடியவில்லை. அவருக்கும் பாதி இருந்திருக்க வேண்டும்.

நான் கடைக்குத் திரும்பினேன். முதலாளிக்கு விஷயம் தெரிந்து ரொம்பச் சந்தோஷம். வெளிநாட்டுக்காரர்கள் வரும்போது அந்த மூலையில் நின்று, இது எங்கள் ஜனங்களுடையது என்று சொல்லச் சொன்னார். இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிறகு விட்டுவிட்டு, ஒரு மிளகுக் கிடங்கில் சாக்குகளுக்குச் சீட்டு எழுதும் வேலையில் சேர்ந்தேன். அங்கே மருதி என்றே பெயர் கொடுத்தேன். ஒருவர் ஏதோ சொன்னார். மற்றவர்களுக்கு மிளகு தூசியில் தும்மவே நேரம் சரியாக இருந்தது.

இதை எழுதும் இப்போதும் பயம் போய்விடவில்லை. வானம் இருட்டினால் தொடையைத் தடவிப் பார்க்கிறேன். தண்ணீர் பாட்டில் இல்லாமல் தெருமுனைக்குப் போவதில்லை. மூச்சு சற்று வேகமானாலும் நஞ்சி நினைவுக்கு வருகிறாள்.

அந்த வருஷ முடிவில் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா தன் பரிசோதனைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பேசியிருக்கிறாள். எங்கள் முற்றத்தில் நான்கு பெண்கள் குழந்தைகளோடு காத்திருந்தார்கள். கண் மஞ்சளான குழந்தைகள், கை வீங்கிய குழந்தைகள். என் தம்பி மட்டும் ஒதுங்கி நின்று, "ஏற்கெனவே நம்மளைக் கீழா பாக்கறாங்க. இப்போ ரத்தமே கெட்டதுன்னு நாமளே போய்ச் சொல்லணுமா?" என்று சண்டை போட்டான்.

ஒருத்தி தன் பையனை மடியில் அணைத்துக்கொண்டு கேட்டாள். "போனா நம்மளை உள்ளே விடுவாங்களா மருதி?"

நன்றாக நடத்துவார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பொய் சொல்லி நான் பட்டது போதும்.

"நான் கூட வர்றேன்," என்றேன்.

அந்த வாரமே முதல் பஸ்ஸில் குழந்தைகளோடு ஒன்பது பேர் ஏறினோம். கடைசியில் முறைத்துக்கொண்டே என் தம்பியும் ஏறினான். ஜன்னலோரம் உட்கார்ந்து மலையிறங்கும் வரை என் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. பக்கத்திலிருந்த பையன் அது குளிர் என்று நினைத்துத் தன் துண்டை எடுத்து என் மேல் போர்த்தினான்.